கிழியாத நோட்டீஸ்

சீ! நினைச்சாலே எனக்கு இன்னும் குமட்டுது. சாக்கடையைச் சொல்லல. சாக்கடை எனக்குப் பழகிப்போச்சு. பதினாலு வருஷமா அடைப்பு எடுக்கற மனுஷனோட குடும்பம் நடத்தறேன், அவர் சட்டையைத் தோய்ச்சுப் போடறவளே நான்தான். எனக்குக் குமட்டறது எங்க தெரு ஜனங்களை நினைச்சு. அந்தக் கூட்டத்துல என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். அது எப்படின்னு அப்புறம் வரும்.

எங்க வீட்டுக்காரர் பிளம்பர். பிளம்பர்னா புது வீட்டுக்குப் பளபளன்னு குழாய் மாட்டறவர்னு நினைச்சுடாதீங்க. அதுக்கெல்லாம் காதுல பென்சில் செருகின ஆளுங்க வேற இருக்காங்க. இவர் அடைப்பு எடுக்கறவர். சிங்க், பாத்ரூம், டாய்லெட், தெருவுல ஓடற மெயின் லைன், எது நின்னுபோனாலும் இவரைத்தான் கூப்பிடுவாங்க. நீளக் குச்சிக் கட்டைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போறதால தெருவுல இவர் பேரே "குச்சி"ன்னு ஆயிடுச்சு. தேர்தல் மனுவுல சொந்தப் பேரைப் போட்டப்ப, "அட, குச்சிக்கு இப்படி ஒரு பேரா!"ன்னு அடுத்த வீட்டுக்காரங்களே வாயைப் பிளந்தாங்க.

வேலை முடிஞ்சு வந்தா முன்வாசல் வழியா வரவே மாட்டார். பின்பக்கமா வந்து, முதல்ல துணி சோப்பு, அப்புறம் பாத்திரம் தேய்க்கற சோப்பு, கடைசியா குளிக்கற சோப்பு, மூணையும் வரிசையாப் போட்டுக் கையைத் தேய்ப்பார். நகத்துக்குள்ள பழைய பல் பிரஷ்ஷை விட்டுச் சுரண்டுவார். தேய்ச்சு முடிச்சதும் கையை எங்க பொண்ணு மூக்குக்கு நேரா நீட்டுவார். அவ ஒரு இன்ஸ்பெக்டர் மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு மோந்து பார்த்து, "பாஸ்ப்பா" அப்படிம்பா. அதுக்கு அப்புறம்தான் சாப்பாட்டுக்கே உட்காருவார். என் மூக்கை நம்ப மாட்டார். "நீ பாசத்துல பொய் சொல்லிடுவே"ன்னு என்னைக் கிண்டல் பண்ணுவார்.

இவரைக் கூப்பிடற வீடுங்க இருக்கே, அது தனிக் கதை. பின்பக்கமா வரச் சொல்லுவாங்க. அவங்க வீட்டு அசிங்கத்தைத் தோள் வரைக்கும் கையை விட்டு எடுத்துப் போட்டதுக்கு அப்புறம் தாகத்துக்குத் தண்ணி கேட்டா, தூக்கிப்போடற கப்புல ஊத்திக் குடுத்து, "குடிச்சுட்டு கப்பை வெளியவே போட்டுடுப்பா"ன்னு சொல்லுவாங்க. அசிங்கம் பண்ணினது யாரு, எடுத்தது யாரு, கடைசியில யாரு அசிங்கம்? எனக்கு ரத்தம் கொதிக்கும். இவர் சிரிப்பார். "தண்ணி ஒண்ணுதானேம்மா, எதுல ஊத்தினா என்ன"ம்பார். இப்படி ஒரு ஆளு!

எங்க தெரு பள்ளத்துல இருக்கு. மேட்டுல இருக்கற அஞ்சு தெருக் கழிவும் எங்க தெரு வழியாத்தான் இறங்கிப் போகணும். அந்தக் காலத்துல நாப்பது வீட்டுக்குன்னு போட்ட குழாய். இப்ப மேட்டுல அடுக்குமாடி மட்டுமே பதினொண்ணு நிக்குது. குழாய் அதே குழாய். அரை மணி நேரம் அடிச்சு மழை பெஞ்சாப் போதும், எங்க பாத்ரூம் ஓட்டை வழியா குபுகுபுன்னு ஏறிடும். மேட்டுத் தெருக்காரங்க காலையில என்னென்ன பண்ணாங்கன்னு எங்க வீட்டுத் தரையைப் பார்த்தே சொல்லிடலாம். ஃப்ரிட்ஜு, பீரோ, கட்டில் எல்லாத்தையும் செங்கல் மேல ஏத்தி வெச்சிருக்கோம். எங்க வீட்டுல செங்கல் மேல ஏறாதது நாங்க மூணு பேர்தான்.

பொண்ணுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். ஒருதடவை வயித்துல, ஒருதடவை தோல்ல, மூணாவது தடவை பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா. டாக்டர் எழுதிக்கிட்டு இருந்த பேனாவைக் கீழ வெச்சுட்டு, "வீடு எங்கம்மா?"ன்னு கேட்டார். சொன்னேன். "அந்த வீட்டுல இந்தப் பொண்ணை வெச்சிருக்காதீங்க"ன்னுட்டார். நாங்க எங்க போறது? அது மாமனார் கட்டின வீடு. விக்கலாம்னா, வாங்க வர்றவன் மூக்கு அடைச்சவனா இருந்தாத்தான் உண்டு. கடைசியில பொண்ணை எங்க நாத்தனார் வீட்டுல கொண்டுபோய் விட்டோம். ரெண்டு பஸ் மாறிப் போகணும். பள்ளிக்கூடத்தையும் அங்கேயே மாத்தியாச்சு. விட்டுட்டுக் கிளம்பறப்ப அவ அழல, அவங்கப்பா சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, "எப்பப்பா திரும்ப வருவேன்?"ன்னு கேட்டா. "பெரிய குழாய் போட்டுட்டாங்கன்னா மறுநாளே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்"ன்னு இவர் சொன்னார். அது ஒண்ணரை வருஷத்துக்கு முன்னாடி.

பெரிய குழாய் கேட்டு நாங்க எழுதாத மனு இல்ல. எங்க வார்டு கவுன்சிலர் ஒருதடவை, ஒரே ஒரு தடவை, நேர்ல வந்தார். கார்ல இருந்து இறங்கறப்பவே மூக்குல கைக்குட்டை. பேசினது கைக்குட்டைக்குள்ள, சிரிச்சதும் கைக்குட்டைக்குள்ள. கூட வந்தவன் போட்டோ எடுக்கறப்ப மட்டும் அதை எடுத்துப் பையில வெச்சுக்கிட்டார். கொஞ்சம் வெள்ளைப் பவுடரைத் தூவிட்டு, "பார்த்துக்கலாம்"ன்னு சொல்லிட்டுப் போனார். அன்னிலேர்ந்து நான் அந்த ஆளுக்கு வெச்ச பேரு கைக்குட்டை. ஒன்பது வருஷமாப் பார்த்துக்கிட்டேதான் இருக்கார்.

ஒருநாள் சாப்பிடறப்ப, "நான் நிக்கலாம்னு பார்க்கறேன்"ன்னார் இவர்.

"எங்க நிக்கப் போறீங்க?"

"தேர்தல்ல."

சாப்பிட்டது எனக்குப் புரை ஏறிடுச்சு. தலையைத் தட்டிக்கிட்டே கேட்டேன், "என்னங்க, உங்களுக்கு நாலு பேர் முன்னாடி பேச வருமா? நம்ம கல்யாணத்துல நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னதுக்கே வேர்த்து ஊத்துச்சே!"

"பேச என்ன இருக்கு? இருக்கற குழாய் எட்டு அங்குலம். வேண்டியது பதினெட்டு. இதைச் சொல்றதுக்கு எதுக்கும்மா மைக்கு?"

நான் சிரிச்சேன். ஆனா அன்னிக்குப் பூரா எனக்கு வேலையே ஓடல. ஏன் நடக்கக் கூடாதுன்னு தோணிடுச்சு. இவர் கை படாத குழாய் இந்த வார்டுல ஒண்ணு இருக்கா? இவர் கிட்ட நன்றி சொல்லாத வீடுதான் உண்டா? கண்ணை மூடிக்கிட்டு ஜெயிச்சிடலாம்னு நினைச்சேன். எனக்குத்தான் எவ்வளவு மூளை!

ஓட்டுக் கேக்கப் போன கூத்தைக் கேளுங்க. பையில ஒரு அளவு டேப்பை வெச்சுக்கிட்டுக் கிளம்புவார். கதவு திறந்ததும் டேப்பை இழுத்து, "இது எட்டு, இது பதினெட்டு"ன்னு காட்டுவார். அவங்க தலையைத் தலையை ஆட்டுவாங்க. "உனக்கு இல்லாம வேற யாருக்கு, குச்சி! அது இருக்கட்டும், வந்ததே வந்தே, சிங்க்ல ரெண்டு நாளாத் தண்ணி நிக்குது..." அவ்வளவுதான், இவர் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு உள்ள போயிடுவார். நோட்டீஸ் கட்டை வெச்சுக்கிட்டு நான் வாசல்ல காவல் நிக்கணும். ஒருநாள் காலையில ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். மத்தியானம் ஒரு மணிக்குப் பார்த்தா, நாலு வீடு, மூணு சிங்க்.

"நீங்க ஓட்டுக் கேக்க வந்தீங்களா, சிங்க் குத்த வந்தீங்களா?"ன்னு தெருவுலயே கத்திட்டேன்.

"தண்ணி நிக்கறதைப் பார்த்துட்டு எப்படிம்மா வர்றது?"

மேட்டுத் தெரு மூணாவது மாடியில ஒரு அம்மா இருக்காங்க. மாடி வீட்டம்மான்னு சொல்லுவோம். நாய் வளர்க்கறாங்க, குட்டியா, வெள்ளையா. அவங்க பாத்ரூம் ஓட்டையிலேர்ந்து இவர் எடுத்துப் போட்ட முடியை வெச்சு ஒரு சவுரி பின்னியிருக்கலாம். "உங்களுக்குப் போடாம நான் யாருக்குப் போடப் போறேன் தம்பி"ன்னு நெஞ்சுல கையை வெச்சுச் சொன்னாங்க. அந்த அம்மாவை ஞாபகம் வெச்சுக்குங்க.

இப்ப நோட்டீஸுக்கு வர்றேன்.

நான் ஒரு அச்சகத்துல வேலை பார்க்கறேன். சர்டிஃபிகேட், அடையாள அட்டை, கடைங்களோட விலைப் பட்டியல் எல்லாத்துக்கும் மேல பிளாஸ்டிக் தாளை ஒட்டற லேமினேஷன் மெஷின் என்னோடது. சூடு கொஞ்சம் கூடினாச் சுருங்கிடும், குறைஞ்சாக் குமிழ் விடும். நான் ஒட்டினா ஒரு குமிழ் இருக்காது. எங்க முதலாளி வாயைத் திறந்து யாரையும் பாராட்ட மாட்டார், அவரே அதை ஒத்துக்கிட்டிருக்கார். இவருக்கு நோட்டீஸ் அடிக்கணும்னதும் நான் முதலாளி பின்னாடியே அலைஞ்சு, அவரை அரிச்சு எடுத்து, எல்லா நோட்டீஸுக்கும் வழவழன்னு பிளாஸ்டிக் போட்டுடலாம்னு சம்மதிக்க வெச்சேன். கைக்குட்டையோட நோட்டீஸ் தொட்டா மை ஒட்டற சாணித் தாள். என் புருஷன் நோட்டீஸ் கையில எடுத்தா கனமா, மதிப்பா இருக்கணும். இருந்துச்சு. சட்டை இரவல்தான், ஆனா முகத்துல நல்ல சிரிப்பு. கையை எங்க வைக்கறதுன்னு தெரியாம போட்டோல டேப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டார். கீழே, "எட்டு போதாது, பதினெட்டு வேணும்"னு பெருசா.

முதல் நோட்டீஸை இவர் கையில குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெறும் தாளே போதுமேம்மா. படிச்சுட்டுத் தூக்கித்தானே போடப் போறாங்க."

"தூக்கிப் போடக் கூடாதுன்னுதான் இப்படிப் பண்ணியிருக்கேன்."

ஓரத்தைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தார். "கிழியலையே."

"கிழியாது. தண்ணியில ஒரு மாசம் போட்டாக்கூட ஊறாது."

அப்ப இவர் முகத்துல ஒரு யோசனை ஓடுச்சு. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "என்ன?"ன்னேன். என் முகத்தைப் பார்த்தார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு நிக்கறேன். "ஒண்ணும் இல்ல. ரொம்ப நல்லா இருக்கு"ன்னு சொல்லி மடிக்காம பையில வெச்சுக்கிட்டார். அன்னிக்கு இவர் முழுங்கின வார்த்தை என்னன்னு இப்ப எனக்குத் தெரியும். வீடு வீடாப் போய், "பிளாஸ்டிக்கை மட்டும் குழாய்க்குள்ள போட்டுடாதீங்கம்மா"ன்னு இருபது வருஷமாத் தொண்டை கிழியச் சொல்லிக்கிட்டு இருக்கற மனுஷன். என் சந்தோஷத்தைக் கெடுக்க வேணாம்னு அன்னிக்கு மட்டும் சும்மா இருந்துட்டார்.

வியாழக்கிழமை ஓட்டு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிடிச்சுது பாருங்க மழை! ஒரு மணி நேரத்துல தெருவுல கணுக்கால் வரைக்கும் ஏறிடுச்சு. மழை நின்னும் இறங்கல. எங்கேயோ மெயின் லைன்ல அடைச்சிருக்கு. எங்க வீட்டுக்குள்ளேயும் வந்துடுச்சு. அந்த நாத்தத் தண்ணியில நின்னுக்கிட்டு நான் என்ன பண்ணேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். என் வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. இதைவிட நல்ல பிரசாரம் எவனாவது பண்ண முடியுமா?

குச்சிக் கட்டைத் தேடிக்கிட்டு வந்தவரை மறிச்சு நின்னேன். "தொடக் கூடாது."

"என்னது?"

"வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் தொடவே கூடாது. நாறட்டும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டே போய் ஓட்டைக் குத்திட்டு வரட்டும். அப்பதான் புத்தி வரும்."

"ரெண்டு நாள் நிக்குமேம்மா..."

"பொண்ணு வீட்டுக்கு வரணுமா, வேணாமா?"

இவர் கட்டில் மேல காலைத் தூக்கி வெச்சு உட்கார்ந்துக்கிட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு, "சரி"ன்னார்.

மறுநாள் காலையில டீச்சர் வந்தாங்க. எங்க வீட்டுலேர்ந்து ரெண்டு வீடு தள்ளி இருக்காங்க, ரிட்டயர் ஆகிப் பல வருஷமாச்சு. புடவையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அவங்க வீட்டுக்காரர் ஒரு பக்கம் விழுந்து ரெண்டு வருஷமாப் படுக்கையில இருக்கார்.

"நாலு செங்கல் இருந்தாக் குடேன்மா. கட்டில் காலுக்குக் கீழ வைக்கணும். தண்ணி மெத்தையைத் தொடப் போகுது, அவரை என்னால தூக்க முடியல."

அடைப்பை எடுன்னு அவங்க கேக்கல. செங்கல்தான் கேட்டாங்க. இவர் என்னைப் பார்த்தார். நான் முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டேன்.

"செங்கல் இல்லையே டீச்சர்"ன்னார் இவர். எங்க வீட்டுலயா செங்கல் இல்ல? ஃப்ரிட்ஜுக்குக் கீழயே நாலு இருக்கு. சொல்லிட்டுக் குச்சிக் கட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு அவங்க பின்னாடியே இறங்கிப் போயிட்டார். நான் வாயில வந்தபடி திட்டினேன். திட்டிட்டு, நானும் பின்னாடியே போனேன்.

தெரு முனையில இருக்கற மூடியைத் திறந்தார். குச்சி போகல. ஒண்ணோட ஒண்ணு மாட்டி நீளமாக்கிக் குத்தினார், அப்பவும் போகல. சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுத் தரையில குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை விட்டார். கன்னம் அந்தத் தண்ணியில படுது. ரெண்டு பக்கமும் ஜனம் கூடிடுச்சு. மேட்டுத் தெரு பால்கனியில எல்லாம் தலைங்க. முதல்ல உறைஞ்ச எண்ணெய்க் கட்டி வந்துச்சு. அப்புறம் முடி. அப்புறம் ஏதோ பளபளன்னு ஒரு கத்தை. இவர் கட்டை விரலால அதுமேல இருந்த அழுக்கைத் துடைச்சார்.

இவர் முகம். டேப்பைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. கிழியல, ஊறல, ஓரம்கூட மடங்கல. ஒரு குமிழ் இல்ல.

திரும்பக் கையை விட்டார். இன்னொரு கத்தை. திரும்ப விட்டார். எண்ணெய்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, சீட்டுக்கட்டு மாதிரி வந்துக்கிட்டே இருக்கு. தரை பூரா இவரே சிரிச்சுக்கிட்டுக் கிடக்கார். அப்புறம் மேல எங்கேயோ ஒரு சிரிப்புக் கேட்டுச்சு. அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. போன் எல்லாம் வெளியில வந்துடுச்சு. இவர் தலையைத் தூக்கவே இல்ல, கடைசி நோட்டீஸ் வர்ற வரைக்கும் கையை விட்டுக்கிட்டே இருந்தார். அப்புறம் உள்ள ஒரு பெரிய உறிஞ்சல் சத்தம், தெருத் தண்ணி மொத்தமும் சுழிச்சுக்கிட்டு இறங்கிப் போச்சு. டீச்சர் வீட்டுத் தரையை இவரே கழுவி விட்டுட்டு வந்தார்.

அது எப்படிக் குழாய்க்குள்ள போச்சுன்னு கேக்கறீங்களா? மாடி வீட்டம்மா அன்னிக்கே என் கிட்ட சொன்னாங்க. கூச்சநாச்சம் ஒண்ணும் கிடையாது, பெருமையா வேற சொன்னாங்க. "நல்ல அட்டைம்மா அது! எங்க மாடிக்குன்னு நீங்க குடுத்த கட்டு பூரா என் கிட்டதான் இருந்துச்சு. வழவழன்னு இருந்துச்சா, நாய் வீட்டுக்குள்ள போயிட்டா அள்றதுக்கு அவ்வளவு வசதி. அள்ளி அப்படியே டாய்லெட்ல போட்டுத் தண்ணியை ஊத்திடுவேன். கீழ் வீட்டுலயும் குழந்தைக்கு அதைத்தான் வெச்சுக்கிறாங்க." நாயோட மலத்தை அள்ள என் புருஷன் முகம். அதுக்கு நான் சூடு பார்த்து, குமிழ் இல்லாம, பிளாஸ்டிக் ஒட்டிக் குடுத்திருக்கேன். அங்கேயே வாந்தி எடுத்தேன்.

சாயங்காலத்துக்குள்ள அந்த வீடியோ எல்லார் போன்லயும் வந்துடுச்சு. கைக்குட்டையோட ஆளுங்க அதுக்கு மேல ஒரு வரி எழுதியிருந்தாங்க: "தானே அடைச்சான், தானே எடுத்தான்." ஓட்டுக்காக இவரே சொந்த நோட்டீஸைப் போட்டு அடைச்சாராம்! இதை நம்பினது யாரு? டாய்லெட்ல போட்டுத் தண்ணி ஊத்தின அதே ஆளுங்க. "அவர் நோட்டீஸ்தானே உள்ள இருந்துச்சு, வேற யாரு போட்டிருப்பா?"ன்னு என் காதுபடவே பேசிக்கிட்டாங்க. தூ!

"போய்ச் சொல்லுங்க, உண்மையைச் சொல்லுங்க"ன்னு இவரைப் பிடிச்சு உலுக்கினேன்.

"என்னன்னும்மா சொல்றது? உங்க வீட்டு நாய் பண்ணினது எனக்குத் தெரியும்னு வீடு வீடாப் போய்ச் சொல்லவா?"

கடைத்தெருவுல ஒருத்தர் நேராவே கேட்டார். "ஏம்பா குச்சி, நீ பிளம்பர்தானே? பிளாஸ்டிக் அடைச்சுக்கும்னு உனக்கே தெரியாதா? எதுக்கு இப்படி நோட்டீஸ் அடிச்சே?" நியாயமான கேள்வி. நான் பக்கத்துலதான் நிக்கறேன். "தெரியாமப் பண்ணிட்டேங்க"ன்னார் இவர். என் பொண்டாட்டி ஆசைப்பட்டான்னு ஒரு வார்த்தை வரல. சரி, அவர் சொல்லல. எனக்கு வாய் இல்லையா? ஊருக்கெல்லாம் பதில் சொல்ற வாய்தானே இது? நான்தாங்க அடிச்சேன்னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னப்ப நானும் மரம் மாதிரி நின்னேன். என்னையும் சேர்த்துத்தான்னு முதல்லயே சொன்னேன்ல, இதுதான் அது.

வியாழக்கிழமை நல்ல வெயில். தெரு காஞ்சு சுத்தமாக் கிடந்துச்சு, ஒரு பொட்டு நாத்தம் இல்ல. எங்க தெருவுலயே பாதிப் பேர் ஓட்டுப் போடப் போகல. "லீவு நாளாச்சே, தூங்கிட்டேன்"ன்னான் ஒருத்தன். "கூட்டமா இருக்கும்னு சொன்னாங்க"ன்னு ஒருத்தி. டீச்சர் போனாங்க, கைத்தடியை ஊனிக்கிட்டு. மாடி வீட்டம்மாவும் போனாங்க, கைக்குட்டைக்குப் போட்டுட்டு வந்தாங்க. "இந்தக் கூத்துக்கு அப்புறம் எப்படிம்மா?"ன்னு என் கிட்டயே நியாயம் கேட்டாங்க. எழுபத்தி மூணு ஓட்டுல தோத்துட்டோம். எங்க தெருவுல போகாதவங்க மட்டுமே நூறுக்கு மேல இருப்பாங்க.

ரெண்டு நாள் இவர் சரியாச் சாப்பிடல. மூணாவது நாள் காலையில வாசல்ல ஒரு குரல். "குச்சி! வீட்டுல இருக்கியாப்பா? பாத்ரூம்ல தண்ணி இறங்கவே மாட்டேங்குது!" மாடி வீட்டம்மாதான், வேற யாரு! எனக்கு எங்கேர்ந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்துச்சோ. "போய் உங்க கவுன்சிலரைக் கூப்பிடுங்க! கைக்குட்டையை முறுக்கிக் குத்துவார்!"ன்னு தெருவே எட்டிப் பார்க்கற மாதிரி கத்தினேன். திரும்பிப் பார்க்கறேன், பின்பக்கமா இவர் குச்சிக் கட்டோட கிளம்பறார்.

"உங்களுக்கு வெக்கமே இல்லையா?"

"அவங்க வீட்டுல அடைச்சா நம்ம வீட்டுலதானேம்மா ஏறும்"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை பொண்ணைப் பார்க்கப் போனோம். ரெண்டு பஸ்லயும் இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தார். நாத்தனார் வாசல்லயே என்னை ஓரமா இழுத்து, "என்னால சொல்ல முடியலடி. ஓட்டு முடிஞ்சுடுச்சுன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து மூட்டை கட்டிக்கிட்டு இருக்கா. நீயே சொல்லிடு"ன்னாங்க.

உள்ள போனேன். தலை சீவி, ரிப்பன் கட்டி, கட்டில் மேல உட்கார்ந்திருக்கா. பக்கத்துல துணிப்பை, வாய் மூட முடியாத அளவுக்குத் திணிச்சிருக்கு. மேல புஸ்தகங்க. போன மாசம் நாங்க வந்தப்ப இருபது நோட்டீஸ் கேட்டு வாங்கிக்கிட்டா, எதுக்குன்னு நான் கேக்கல. எல்லாப் புஸ்தகத்துக்கும் அட்டை போட்டிருக்கா. கணக்கு, அறிவியல், எல்லாத்து மேலயும் அவங்கப்பா சிரிக்கறார்.

இவர் அதைப் பார்த்தார். "அக்கா, குழாய் சொட்டுதுன்னு சொன்னீங்களே"ன்னு அப்படியே பாத்ரூமுக்குள்ள போயிட்டார். அந்த வீட்டுல எந்தக் குழாயும் சொட்டல.

நான்தான் சொன்னேன். சுத்தி வளைக்காம, "அப்பா ஜெயிக்கலடா"ன்னு சொன்னேன். அவ அழுவான்னு பார்த்தா, அழல.

"நம்ம தெருவுல எல்லாரும் போட்டாங்களாம்மா?"

"இல்லடா."

"ஏம்மா? எல்லார் வீட்டுக்கும் அப்பா போயிருக்காருல்ல?"

அவ கொஞ்ச நேரம் ரிப்பன் நுனியைச் சுருட்டிக்கிட்டு இருந்தா. அப்புறம், "அடுத்த தேர்தல் எப்ப வரும்?"ன்னு கேட்டா.

"அஞ்சு வருஷம் ஆகும்."

விரலை மடக்கி எண்ணினா. "அப்ப எனக்குப் பதினாறு."

இவர் பாத்ரூம்லேர்ந்து வந்தார். கண்ணு சிவந்திருந்துச்சு. பழக்க தோஷம், ஈரக் கையை அவ மூக்குக்கு நேரா நீட்டினார். அவ அந்தக் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சு மோந்து பார்த்தா. ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டே இருந்தா.

"பாஸ்ப்பா"ன்னா.

நான் துணிப்பையைப் பிரிச்சு ஒவ்வொண்ணா எடுத்து நாத்தனார் பீரோவுல திரும்ப அடுக்க ஆரம்பிச்சேன். அடியில ஒரு யூனிஃபார்ம் இருந்துச்சு, நல்லா இஸ்திரி போட்டு மடிச்சு. எங்க தெருப் பக்கத்துப் பழைய பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம், வந்த அன்னிக்குப் போட்டுக்கிட்டு வந்தது. பிரிச்சு அவ தோள் மேல வெச்சுப் பார்த்தேன். ஒரு ஜாண் சின்னதா இருந்துச்சு.